மலேசிய இந்தியர் வரலாற்றை எழுதிய இளம் விரிவுரையாளர்: சின்னப்பா அரசரத்தினம்

கோலாலம்பூர் – மலேசிய இந்தியர்களின் வரலாற்றைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய முனையும் எந்த மாணவருக்கும் முதலில் கைகாட்டப்படும் நூல்களில் ஒன்று, 'மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்கள்' என்ற ஆங்கில நூல். 1970-இல் வெளிவந்த அந்த நூலை எழுதியவர் சின்னப்பா அரசரத்தினம். அவர் இந்நாட்டில் பிறந்தவர் அல்லர். தோட்டத்தில் வளர்ந்தவரும் அல்லர். 31 வயதில் இலங்கையிலிருந்து வேலைக்கு வந்து, சுமார் ஏழு ஆண்டுகள் கோலாலம்பூரில் இருந்துவிட்டு, ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். அந்த ஏழு ஆண்டுகளில் அவர் செய்த வேலையை நம் சமூகம் இன்றுவரை பயன்படுத்தி வருகிறது.

அவர் எங்கே படித்தார், எதில் பயிற்சி பெற்றார், என்ன பதவிகளில் இருந்தார் என்பதைத் தெரிந்துகொள்வது, இன்று கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் சமூக அறிவியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

நவாலியிலிருந்து லண்டன் வரை

அரசரத்தினம் 1930-இல் இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்தை அடுத்த நவாலி என்ற ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, 1951-இல் முதல் வகுப்பில் தேறினார். அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் சேர்ந்தார்.

அடுத்த கட்டம் லண்டன். லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1956-இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 26. எடுத்துக்கொண்ட பொருள், 17-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சுக்காரர்களின் ஆதிக்கம். அதை ஆங்கில நூல்களை மட்டும் வைத்து எழுத முடியாது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களும் கணக்குகளும் பழைய டச்சு மொழியில், கையெழுத்துப் பிரதிகளாக இருக்கின்றன. ஆகவே அவர் டச்சு மொழியைக் கற்றார். அந்த ஆய்வு 'இலங்கையில் டச்சு ஆதிக்கம்' என்ற நூலாக 1958-இல் வெளிவந்தது.

யாரோ எழுதிய நூலைப் படித்து இன்னொரு நூல் எழுதுவதில் அவர் நின்றுவிடவில்லை. மூல ஆவணம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியைக் கற்றுக்கொண்டு அதை நேராகப் படித்தார். பின்னாளில் மலாயா இந்தியர்களைப் பற்றி எழுத வந்தபோது அவர் கொண்டு வந்த முதல் மூலதனம் இந்தப் பயிற்சிதான்.

வெள்ளி கொடுத்து வளர்த்த துறை

1961-இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். பந்தாய் பள்ளத்தாக்கில் உள்ள அந்த வளாகம், பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சார் வழியாகப் போனால் சில கிலோமீட்டர் தொலைவுதான்.

அந்தத் துறை உருவானதில் தோட்டத் தொழிலாளர்களுக்கும் பங்கு உண்டு. 1950-களில், பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் தொடங்கும் பேச்சு வந்தபோது, அதில் சமஸ்கிருதத்துக்கே முதலிடம் தர வேண்டும் என்ற கருத்தும் எழுந்தது. இங்கே வாழும் இந்தியரில் பெரும்பான்மையினர் தமிழர் என்பதால் தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பால்மரம் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல் சேகரிப்புக்கு அந்தப் பணம் உதவியது. துறை 1956-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டு, பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது.

அரசரத்தினம் சேர்ந்த அதே 1961-இல் துறைத் தலைவர் பொறுப்பை ஏற்றவர் தனிநாயகம் அடிகள். அவரும் யாழ்ப்பாணப் பகுதியைச் சேர்ந்தவர்தான். அவருடைய முயற்சியால் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. பழந்தமிழ் இலக்கியமும் தமிழரின் பண்டைப் பெருமையும் உலக அரங்கில் பேசப்பட்ட காலம் அது. அதே துறையில் இருந்துகொண்டு அரசரத்தினம் வேறொரு பக்கம் திரும்பினார். பல்கலைக்கழக வேலிக்கு வெளியே, தோட்டங்களிலும் இரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்துகொண்டிருந்த தமிழர்கள் இந்நாட்டுக்கு எப்படி வந்தார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பதை அவர் எழுதத் தொடங்கினார்.

கிராணிக்கும் தொழிலாளிக்கும் நடுவே இருந்த வேலி

இது எளிய காரியமாக இருந்திருக்காது. அக்கால மலாயாவில் யாழ்ப்பாணத் தமிழரும் தோட்டத் தமிழரும் ஒரே மொழி பேசினாலும் ஒரே நிலையில் இல்லை. ஆங்கிலம் படித்து வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர் வேலையில் அமர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸின் இரயில்வே குடியிருப்புகளும் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோவிலும் அந்த வாழ்க்கையின் அடையாளங்கள். தோட்டங்களில் கிராணி வேலை பார்த்தவர்களிலும் இலங்கைத் தமிழரும் மலையாளிகளும் கணிசமாக இருந்தனர். தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணி மூலம் வந்தவர்கள் லயத்து வீடுகளில் வாழ்ந்து, விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றவர்கள். பெயர் வாசிப்பவருக்கும் பெயர் வாசிக்கப்படுபவருக்கும் இடையில் அந்தக் காலத்தில் பெரிய தூரம் இருந்தது.

அரசரத்தினத்தின் நூலில் பெயர் வாசிக்கப்பட்டவர்களின் கதை நடுநாயகமாக இருக்கிறது. அரசியல் தலைவர்களும் வணிகர்களும் வழக்கறிஞர்களும் அதில் வருகிறார்கள். ஆனால் மலாயாவின் இந்தியச் சமூகம் அடிப்படையில் ஒரு தொழிலாளர் சமூகம் என்பதை அவர் மறைக்கவில்லை. அது எவ்வாறு ஆள்சேர்க்கப்பட்டது, எந்தச் சட்டங்களால் ஆளப்பட்டது, எந்தச் சாதி, சமயப் பழக்கங்களைக் கூடவே கொண்டு வந்தது என்பதை வரிசைப்படுத்தி எழுதினார்.

கோலாலம்பூரில் எழுதப்பட்டவை

கோலாலம்பூர் ஆண்டுகளில் அவர் எழுதியவற்றில் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, 'மலாயாவில் இந்தியர் விழாக்கள்' என்ற சிறு நூல். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையே அதை 1966-இல் வெளியிட்டது. கோவில் திருவிழா என்பது வெறும் வழிபாடு அன்று; ஊர்விட்டு வந்தவர்கள் தங்களை மறுபடி ஒரு சமூகமாகக் கட்டிக்கொண்ட இடம். எனவே சமூக ஆய்வாளருக்கு அது முக்கியமான பொருள்.

இரண்டாவது, 1930 முதல் 1955 வரை மலாயா, சிங்கப்பூர் இந்தியர்களிடையே நடந்த சமூகச் சீர்திருத்த முயற்சிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை. அரச ஆசியக் கழகத்தின் மலேசியக் கிளை நடத்தும் ஆய்விதழில் அது வெளிவந்தது. பெரியார் ஈ.வெ.ரா. 1929 டிசம்பரில் மலாயா வந்து சுயமரியாதைக் கருத்துகளைப் பேசிச் சென்றார். அதற்குப் பின் தமிழர் சீர்திருத்தச் சங்கங்கள் எழுந்தன. 'தமிழ் முரசு' 1935-இல் தோன்றியது. கள் ஒழிப்பு, சாதி எதிர்ப்பு, சிக்கனத் திருமணம் ஆகியவை பேசுபொருளாயின.

கிள்ளான் தோட்டத் தொழிலாளர்களின் 1941 வேலைநிறுத்தமும் இந்தக் காலப் பகுதியில் நடந்ததுதான். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் அதில் முன்னின்றனர். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமார் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியவை கோரிக்கைகளுள் அடங்கும். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கூலி உயர்வோடு மான மரியாதையும் ஏன் கோரிக்கைப் பட்டியலில் இடம் பெற்றது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் பத்து ஆண்டுகள் நடந்த சீர்திருத்தப் பேச்சுகளைத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 1970-இல் வந்த பெரிய நூல். லண்டனில் இருந்த இன உறவுகள் ஆய்வுக் கழகத்துக்காக ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. குடியேற்றம், தொழில், அரசியல், சமயம், சமூக அமைப்பு எல்லாவற்றையும் ஒரே நூலில் தொகுத்துத் தந்தது. 1979-இல் திருத்திய பதிப்பு வந்தது.

மூன்று ஆய்வாளர்கள், ஒரு சமூகம்

1960-களில் மலாயா இந்தியர்களை ஆராய்ந்தவர் அரசரத்தினம் ஒருவர் மட்டும் அல்லர். அதே காலத்தில் வேறு இருவரும் உழைத்துக்கொண்டிருந்தனர். மூவரின் பயிற்சியும் வேறு வேறு. அதனால் அவர்கள் கண்ட உண்மைகளும் ஒன்றையொன்று நிறைவு செய்தன.

கெர்னியல் சிங் சாந்து புவியியலாளர். பின்னாளில் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தை 20 ஆண்டுகள் இயக்குநராக நடத்தியவர். 1786 முதல் 1957 வரை இந்தியர் குடியேற்றத்தைப் பற்றிய அவருடைய நூல் 1969-இல் வந்தது. கப்பல் கணக்குகளையும் குடிவரவுப் புள்ளிவிவரங்களையும் கூட்டிப் பார்த்து, அந்தக் காலத்தில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவுக்கு வந்திருக்கிறார்கள் என்றும், அவர்களில் பெரும்பகுதியினர் திரும்பிப் போய்விட்டார்கள் என்றும் அவர் காட்டினார். 1957 மக்கள் கணக்கெடுப்பில் மலாயாக் கூட்டரசில் இருந்த இந்தியர் சுமார் 7 இலட்சம் பேர்தான்.

ரவீந்திர ஜெயின் மானிடவியலாளர், இந்தியாவைச் சேர்ந்தவர். 1962-இல் ஒரு இரப்பர்த் தோட்டத்தில் தங்கி ஓராண்டுக்கும் மேல் அங்குள்ள மக்களோடு பழகினார். தோட்டத்தின் உண்மைப் பெயரை வெளியிடாமல் 'பால் மெலாயு' என்று புனைபெயர் சூட்டி, 1970-இல் நூலாக்கினார். துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்ற படிநிலை அன்றாட வாழ்வில் எப்படி இயங்கியது என்பதை அதில் காணலாம்.

சாந்து எண்ணிக்கையைத் தந்தார். ஜெயின் ஒரு தோட்டத்தை நெருக்கத்தில் காட்டினார். அரசரத்தினம் முழுச் சமூகத்தின் வரலாற்றையும் ஒரு நூலில் கோத்துத் தந்தார். இன்றும் ஓர் ஆய்வு மாணவர் இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அக்காலப் படம் தெளிவாகும்.

நூல் வந்த நேரம்

அந்த நூல் வெளிவந்த நேரமும் கவனிக்கத்தக்கது. 1969 மே 13 கலவரம் நடந்து முடிந்திருந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தும், விண்ணப்பிக்கத் தெரியாமலோ, பத்திரங்கள் இல்லாமலோ குடியுரிமை பெறாதிருந்த தமிழர்கள் ஒரே நாளில் வெளிநாட்டுத் தொழிலாளர் ஆனார்கள். அந்த ஆண்டுகளில் சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுச் சென்றதாக ஆய்வு நூல்கள் மதிப்பிடுகின்றன.

அதற்கு முன்பே தோட்டத் துண்டாடல் தொடங்கிவிட்டது. ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்றுவிட்டுப் போனபோது வேலையும் வீடும் சேர்ந்தே பறிபோயின. அதற்கு மாற்றாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி சந்தா பெற்று, தோட்டங்களையே வாங்க வைத்தார்.

'இவர்கள் யார், எப்போது வந்தார்கள், இந்த நாட்டுக்கு என்ன செய்தார்கள்?' என்ற கேள்விகள் அரசாங்க அலுவலகங்களில் எழுந்த காலம் அது. ஆண்டும் ஆதாரமும் காட்டிப் பதில் சொல்லக்கூடிய நூல் ஒன்று அந்நேரத்தில் கைக்குக் கிடைத்தது. சட்டத்தை அது மாற்றவில்லை; போனவர்களைத் திருப்பிக் கொண்டுவரவும் இல்லை. ஆனால் அதற்குப் பின் மலேசிய இந்தியரின் ஏழ்மை, கல்வி, குடியுரிமை பற்றி எழுதிய ஒவ்வொருவருக்கும் நின்று பேச ஒரு தளம் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவும் கடல் வணிக ஆய்வும்

1960-களின் இறுதியில் அரசரத்தினம் மெல்பர்ன் நகரின் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பின்னர் ஆர்மிடேல் நகரில் உள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக நீண்ட காலம் பணியாற்றினார். 1998-இல் காலமானார்.

அங்கே அவர் மறுபடியும் டச்சு ஆவணங்களுக்குத் திரும்பினார். சோழமண்டலக் கடற்கரையின் வணிகர்களைப் பற்றி 1986-இல் வந்த அவருடைய நூல் உலக அளவில் மதிக்கப்படுவது. நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைமுகங்களிலிருந்து தமிழ் வணிகர்கள், இந்துக்களும் முஸ்லிம்களும், தங்கள் சொந்தக் கப்பல்களில் துணி ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்கும் கெடாவுக்கும் வந்து போன வரலாறு அதில் உள்ளது. 1989-இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கே வந்து, தென்கிழக்காசியாவில் இந்திய முஸ்லிம் வணிகச் சமூகங்களைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினார்.

ஆக, நம் வரலாற்றின் இரண்டு பாதிகளையும் ஒரே ஆய்வாளர் தொட்டிருக்கிறார். கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்தவர்களும் தமிழர்கள்தான். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலுக்குச் சொந்தக்காரர்களாக வந்தவர்களும் தமிழர்கள்தான். பள்ளிப் பாடத்தில் முதல் கதையை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டாவது கதையும் தெரிய வேண்டும்.

பின் வந்தவர்கள்

அரசரத்தினத்துக்குப் பின் உள்நாட்டு ஆய்வாளர்கள் வளர்ந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகக் கல்வித் துறைப் பேராசிரியர் தி. மாரிமுத்து, தோட்டப் பள்ளி தொழிலாளியின் பிள்ளையை மறுபடி தொழிலாளியாகவே ஆக்கி அனுப்புகிறது என்பதை ஆய்வு வழியாக எடுத்துக் காட்டினார். ராஜகிருஷ்ணன் ராமசாமி இலங்கைத் தமிழர் இந்நாட்டுக் குடிமக்களான வரலாற்றை 1988-இல் நூலாக்கினார். செல்வகுமாரன் ராமச்சந்திரன் தோட்டத் தொழிலாளர் நிலையை 1994-இல் ஆராய்ந்து எழுதினார். வெளியிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய வேலையை இங்கே படித்தவர்களும் கையில் எடுத்தார்கள்.

ஆனாலும் எழுதப்படாத பகுதி பெரியது. 1979-இல் திருத்திய பதிப்பு வந்தபோது கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் பல தோட்டங்கள் இருந்தன. இன்று சுபாங் ஜெயா நிற்கும் நிலம் சீபீல்டு தோட்டம். பண்டார் உத்தாமா எஃபிங்ஹாம் தோட்டம். ஷா ஆலம் எழுந்த இடம் சுங்கை ரெங்கம் தோட்டம். தோட்ட வெளியேற்றங்களைப் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் ஆண்ட்ரூ வில்ஃபோர்டு 2014-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கோவில், ஒரு பள்ளி, ஒரு பெரட்டுக்களம் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனி வரலாறு எழுதப்படவில்லை.

இன்றைய மாணவர்களுக்கு

சமூக அறிவியல் ஆய்வாளராக விரும்பும் மாணவர் அரசரத்தினத்தின் பாதையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இளங்கலையில் ஒரு துறையில் ஆழமாகத் தேறினார். முனைவர் பட்டத்துக்குப் புதிய மொழி கற்றார். ஆய்வேட்டை இரண்டே ஆண்டுகளில் நூலாக்கினார். புதிய நாட்டுக்கு வந்ததும் அந்த நாட்டு மக்களையே ஆய்வுப் பொருளாக்கினார்.

இங்கே இந்தியர் வரலாற்றை ஆராய ஆங்கிலமும் மலாயும் தமிழும் மூன்றும் தேவை. காலனித்துவ அரசின் கோப்புகள் ஆங்கிலத்தில் உள்ளன. சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகளைக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டவர்களைப் பற்றிய அரசு ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1924-இல் தொடங்கி 2019 பிப்ரவரியில் நின்றுபோன 'தமிழ் நேசன்' போன்ற நாளிதழ்களின் பழைய இதழ்களைப் படிக்கத் தமிழ் வேண்டும். ஆங்கிலக் கோப்பில் துரையின் குரல் இருக்கும்; தொழிலாளியின் கடிதம் தமிழ்ப் பத்திரிகையில்தான் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்த இடத்தில் வேறு யாருக்கும் இல்லாத வாய்ப்பு உண்டு.

காப்பகத்துக்குப் போகாத ஆவணங்களும் இருக்கின்றன. தாத்தாவின் சம்பளப் புத்தகம், தொழிற்சங்க உறுப்பினர் அட்டை, நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ், கோவில் திருவிழாக் கணக்கு நோட்டு, பள்ளி வருகைப் பதிவேடு, லயத்து வாசலில் எடுத்த குடும்பப் படம் ஆகியவை கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பூச்சோங்கிலும் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான். படத்தின் பின்னால் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் எழுதி வைத்தால், அடுத்து வரும் ஆய்வாளருக்கு அதுவே தொடக்கமாக அமையும்.